கல்லூரி வளாகத்தில் ஸ்மார்ட் மீட்டர்: கரண்ட் பில்லில் தொடங்கி ராத்திரி லோடு வரை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் மின்சாரம் எதற்குப் போகிறது என்று கேட்டால் எல்லோரும் ஏசியைத்தான் கை காட்டுவார்கள். ஏசிக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கத்து வளாகங்களில் தண்ணீருக்குப் போகும் கரண்ட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆழத்தில் இறக்கிய போர்வெல் மோட்டார், தரைத் தொட்டியிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் இன்னொரு மோட்டார், நிலத்தடி நீரில் புளோரைடு இருப்பதால் குடிநீருக்கு வைத்த ஆர்ஓ பிளான்ட், ஒவ்வொரு மாடியிலும் ஒரு வாட்டர் கூலர். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் போர்வெல்லைச் சுத்தமாக நிறுத்திவிட்ட வளாகங்கள் அரிது. இவற்றுக்கெல்லாம் தனித்தனியாக எவ்வளவு ஆகிறது என்று சொல்ல ஒரு மீட்டரும் இருக்காது. மொத்தத்துக்கு ஒரே பில்.

வளாகப் பராமரிப்பைப் புதிதாகக் கையில் எடுத்த எலக்ட்ரீஷியன், கூடுதல் பொறுப்பாக இது தலையில் விழுந்த ஆசிரியர், செட்டிக்கரை அல்லது பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு புராஜெக்டாக இதைச் செய்ய நினைக்கும் மாணவர், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். என் கட்சி ஒன்றுதான்: எந்த இடத்து அளவைப் பார்த்து ஒரு ஆள் ஒரு வேலையைச் செய்ய முடியுமோ அந்த இடத்தில்தான் மீட்டர் வைக்க வேண்டும். வகுப்பறைக்கு ஒன்று என்று அறுபது மீட்டர் வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, யாரும் திரும்பிப் பார்க்காமல் தூசி படிய விடுவதைவிட, ஆறு மீட்டரும் அதற்குப் பொறுப்பாக ஆறு பேரும் இருப்பது மேல்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மின்வாரியம் சீல் வைத்து மாட்டிய மீட்டர் வேறு, நாம் பேனலுக்குள் வைக்கப்போகும் சப் மீட்டர் வேறு. வாரியத்தின் மீட்டரையோ அதன் சிடியையோ (கேபிளின் கரண்ட்டைச் சிறிய அளவாகக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) தொடக்கூடாது. அதற்கு அடுத்து, நம் மெயின் பிரேக்கருக்குப் பிறகு இருப்பவைதான் நம் சொத்து. வாரியங்கள் பொருத்தும் ஸ்மார்ட் மீட்டருக்கு ஐஎஸ் 16444 என்று தனித் தரம் உண்டு. நாம் உள்ளே வைப்பது பெரும்பாலும் தகவல் அனுப்பும் வசதியுள்ள மல்ட்டிஃபங்ஷன் மீட்டர். பேனல் கடைகளில் எம்எஃப்எம் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நம் வேலைக்கு அதுவே போதும்.

முதல் வேலை: பன்னிரண்டு மாத பில்

மீட்டர் வாங்கும் முன் அலுவலகத்தில் பழைய பில்களைக் கேட்டு வாங்குங்கள். எல்டி (தாழ்வழுத்த) சர்வீஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். கட்டடத்துக்கு ஒரு சர்வீஸ் என்று நாலைந்து கூட இருக்கலாம். எச்டி (உயரழுத்தம்) என்றால் மாதம் ஒன்று. எச்டி பில்லில் மூன்று எண்களை மட்டும் ஒரு தாளில் மாதவாரியாக எழுதுங்கள்: யூனிட், பதிவான அதிகபட்ச டிமாண்ட், பவர் ஃபேக்டர்.

இதில் டிமாண்ட்தான் புதியவர்களைக் குழப்புவது. யூனிட் என்பது மாதம் முழுக்கச் செலவான மொத்தம். டிமாண்ட் என்பது அந்த மாதத்தில் ஏதோ ஒரு நேரத்தில் நாம் ஒரே சமயத்தில் இழுத்த உச்ச அளவு, கேவிஏ (வோல்டேஜையும் கரண்ட்டையும் பெருக்கி வரும் அளவு) கணக்கில். அதுவும் ஒரு நொடி உச்சம் அல்ல. 15 அல்லது 30 நிமிடச் சராசரி. ஆகவே மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது சில நொடி கரண்ட் எகிறுவதால் டிமாண்ட் ஏறிவிடும் என்று பயப்பட வேண்டாம். அரை மணி நேரம் பல மோட்டாரும் ஏசியும் சேர்ந்து ஓடினால்தான் ஏறும்.

தமிழ்நாட்டில் எச்டி நுகர்வோர், பதிவான டிமாண்ட் அல்லது ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஒரு கல்லூரியின் ஒப்பந்தம் 250 கேவிஏ என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவானது 160 தான் என்றாலும் 225-க்குக் கட்ட வேண்டும். மாதாமாதம் 65 கேவிஏ சும்மா போகிறது. மறுபக்கம், ஒப்பந்தத்தைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு இரட்டிப்பு விலை. உங்கள் கல்லூரி இதில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது ஒரு மீட்டர்கூட வாங்காமல், பில்லைப் பார்த்தே தெரிந்துவிடும்.

பவர் ஃபேக்டர் என்பது இழுக்கும் கேவிஏவில் எவ்வளவு பங்கு கிலோவாட்டாக உண்மையில் வேலை செய்கிறது என்ற விகிதம். அது 0.90-க்குக் கீழே போனால் அபராதம். 0.85 வரை, குறையும் ஒவ்வொரு 0.01-க்கும் மின்கட்டணத்தில் 1 சதவீதம். அதற்கும் கீழே போனால் விகிதம் இன்னும் கூடும். பில்லில் இந்த வரி ஒரு மாதமாவது தென்பட்டால் முதலில் பவர் ஃபேக்டரை ஏற்றி வைக்கும் கெபாசிட்டர் பேனலைப் போய்ப் பாருங்கள். கெபாசிட்டர் உப்பிப்போயிருக்கும், அல்லது ஃபியூஸ் போயிருக்கும், அல்லது யாரோ சத்தம் வருகிறதென்று ஆஃப் செய்து வைத்திருப்பார்கள். இதற்கு ஸ்மார்ட் மீட்டர் தேவையில்லை, ஸ்க்ரூடிரைவர் போதும்.

சோலார் வைத்திருக்கும் கல்லூரிகளுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. வளாகத்தின் லோடு 100 கிலோவாட், ரியாக்டிவ் (மோட்டார் போன்றவை இழுத்தாலும் வேலையாக மாறாத பங்கு) 40 கேவிஏஆர் என்றால் பவர் ஃபேக்டர் ஏறத்தாழ 0.93. கூரையில் இருக்கும் சோலார் 60 கிலோவாட் கொடுக்கும்போது வாரியத்திடம் வாங்குவது 40 கிலோவாட்டாகக் குறையும், ஆனால் 40 கேவிஏஆர் அப்படியே இருக்கும். பவர் ஃபேக்டர் 0.71-க்கு விழுந்துவிடும். சோலார் போட்ட பிறகு அபராதம் வர ஆரம்பித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இன்வெர்ட்டரின் அமைப்பிலேயே ரியாக்டிவ் கொடுக்க வைக்க முடியுமா என்று போட்டுக்கொடுத்த நிறுவனத்திடம் கேளுங்கள். முடியாவிட்டால் கெபாசிட்டர் கூட்ட வேண்டும்.

இரண்டாவது: பேனலோடு ஒரு நடை

மின்வரைபடம் என்று ஒன்று எங்காவது கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். அதை நம்பாதீர்கள். அது கட்டும்போது வரைந்தது. அதற்குப் பிறகு கேன்டீன் வந்திருக்கும், கம்ப்யூட்டர் லேப் இடம் மாறியிருக்கும், 'ஸ்பேர்' என்று எழுதிய பிரேக்கரிலிருந்து ஒரு கேபிள் எங்கோ போயிருக்கும். பழைய எலக்ட்ரீஷியன் யாராவது இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு மெயின் பேனலில் தொடங்கி ஒவ்வொரு கட்டடத்தின் டிபி (மின்பகிர்வுப் பெட்டி) வரை நடந்து, எந்த பிரேக்கர் எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆஃப் செய்து பார்ப்பது இன்னும் உறுதியான வழி. ஆனால் சர்வர், உயிரியல் துறை ஃப்ரிட்ஜ், விடுதி ஆகியவற்றுக்குச் சொல்லிவிட்டு, முதல்வரின் அனுமதியோடு செய்யுங்கள்.

மூன்றாவது: எங்கே வைப்பது

மெயின் இன்கமரில் (வளாகத்துக்குள் கரண்ட் நுழையும் இடம்) ஒன்று, அது கட்டாயம். அடுத்தது தண்ணீர்: போர்வெல், ஏற்றும் மோட்டார், ஆர்ஓ சேர்ந்து ஒரு ஃபீடரில் (மெயின் பேனலிலிருந்து பிரிந்து போகும் லைன்) வந்தால் அதற்கு ஒன்று. விடுதி இருந்தால் விடுதிக்கு ஒன்று. ஏசி அதிகமுள்ள கட்டடம், அதாவது கம்ப்யூட்டர் லேப், செமினார் ஹால், நிர்வாகப் பகுதி, ஒன்று. சோலாருக்கு ஒன்று. ஜெனரேட்டருக்கு ஒன்று.

ஜெனரேட்டருக்கு எதற்கு என்று கேட்பார்கள். நல்ல லோடில் ஓடும் டீசல் ஜெனரேட்டர் லிட்டருக்குச் சுமார் 3 முதல் 3.5 யூனிட் தரும். மீட்டர் காட்டும் யூனிட்டை டீசல் ரசீதில் உள்ள லிட்டரால் வகுத்துப் பார்த்தால் 2 தான் வருகிறது என்றால், ஒன்று ஜெனரேட்டர் தேவைக்கு மிகப் பெரியது, அல்லது டீசல் வேறு எங்கோ போகிறது. இரண்டையும் நிர்வாகம் தெரிந்துகொள்ள விரும்பும்.

வகுப்பறைக் கட்டடங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். விசிறியும் விளக்கும்தான், அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது ஏற்கெனவே தெரியும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் அளவுக்கு இழுக்கும், குறைந்த கரண்ட்டில் ஓடும் மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்தில் 30 வாட் அளவுக்கு. 200 ஃபேனை மாற்றினால் 9 கிலோவாட் குறையும். இதை அறிய மீட்டர் வேண்டாம், பழைய ஃபேன் பழுதாகும்போதெல்லாம் புதியதை பிஎல்டிசியாக வாங்கினால் போதும்.

நான்காவது: மீட்டரும் சிடியும்

மீட்டரில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான்: த்ரீ பேஸ் நான்கு வயர், துல்லிய வகுப்பு 0.5 அல்லது 1, ஆர்எஸ்-485 போர்ட்டில் மோட்பஸ் (மீட்டரிலிருந்து தகவலை வெளியே படிக்க உதவும் பொதுவான முறை). இந்த மூன்றும் இருந்தால் எந்தக் கம்பெனி மீட்டரையும் ஒரே லைனில் சேர்க்கலாம். 'எங்கள் ஆப்பில் மட்டும்தான் தெரியும், வருடச் சந்தா கட்ட வேண்டும்' என்று சொல்லும் மீட்டரைத் தவிர்த்துவிடுங்கள். விற்றவர் கடையை மூடினால் உங்கள் கண்ணும் மூடிவிடும். பேனல் வேலை தெரிந்தவர்கள் ஓசூர்ப் பக்கம் நிறையப் பேர். ஆலைகளுக்குச் செய்து பழகியவர்கள். இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

தவறு நடப்பது சிடியில்தான். 'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரிய சிடி வாங்கிவிடுவார்கள். விடுதி ஃபீடரின் உச்சம் 60 ஆம்பியர், ராத்திரியில் 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 400/5 சிடி (400 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்துத் தருவது) மாட்டினால் ராத்திரி கரண்ட் அதன் அளவில் 2.5 சதவீதம்தான். சாதாரண 0.5 வகுப்பு சிடிக்கு 5 சதவீதத்துக்குக் கீழே துல்லிய உத்தரவாதமே கிடையாது. நமக்கு மிகவும் வேண்டிய ராத்திரி அளவு அங்கேதான் கெட்டுப்போகும். 75/5 அல்லது 100/5 போதும். 0.5எஸ் வகுப்பு கிடைத்தால் இன்னும் நல்லது, அது 1 சதவீதம் வரை உறுதி தரும். கணக்கு எளிது: 415 வோல்ட்டில் 100 கேவிஏ என்றால் ஏறத்தாழ 139 ஆம்பியர், அதற்கு அடுத்த அளவு சிடி.

கேபிளைக் கழற்ற முடியாத பழைய பேனலில் இரண்டாகத் திறந்து மூடும் ஸ்ப்லிட் கோர் சிடி வசதி. துல்லியம் கொஞ்சம் குறையலாம், அந்த வசதிக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். எப்படியும் பொருத்துவது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன், ஷட்டவுன் எடுத்துக்கொண்டு. லைன் ஓடும்போது சிடியின் செகண்டரி வயரைத் திறந்து விடக்கூடாது. ஆபத்தான வோல்டேஜ் கிளம்பும். மீட்டரைக் கழற்றும்போது ஷார்ட் செய்துவிட்டுக் கழற்றும் வகையில் டெர்மினல் வைக்கச் சொல்லுங்கள்.

மாட்டி முடித்ததும் மீட்டர் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். 'வந்துடுச்சு சார்' என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அப்போதுதான் உங்கள் வேலை. மூன்று பேஸிலும் கரண்ட் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது ஒரு சிடி மட்டும் தலைகீழாக மாட்டியிருந்தால் கிலோவாட் உண்மையில் மூன்றில் ஒரு பங்காகக் காட்டும். இரண்டு பேஸின் சிடி இடம் மாறியிருந்தால் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டும். கரண்ட் மட்டும் சரியாகவே தெரியும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒவ்வொரு பேஸின் கிலோவாட்டையும் பவர் ஃபேக்டரையும் தனித்தனியே பாருங்கள். ஒன்று மைனஸில் இருந்தாலோ, ஒரு பேஸின் பவர் ஃபேக்டர் மற்ற இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் இருந்தாலோ வயரிங்கில் கோளாறு. மீட்டருக்குள் சிடி விகிதம் சரியாகப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 100/5 சிடியை மாட்டிவிட்டு மீட்டரில் 200/5 என்று விட்டிருந்தால் எல்லாமே இரட்டிப்பாகத் தெரியும்.

ஐந்தாவது: தகவலை ஓரிடத்துக்குக் கொண்டுவருவது

ஒரே பேனல் அறைக்குள் இருக்கும் மீட்டர்களை ஆர்எஸ்-485 வயரால் ஒன்றிலிருந்து அடுத்தது என்று வரிசையாக இணைக்க வேண்டும். நட்சத்திரம் மாதிரி ஒரே இடத்திலிருந்து பிரித்துவிடக் கூடாது. முறுக்கிய ஜோடி ஷீல்டு வயர், வரிசையின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். ஒவ்வொரு மீட்டருக்கும் வேறு வேறு முகவரி எண், 1 முதல் 247 வரை எதுவும். தகவல் அனுப்பும் வேகமும் பேரிட்டி என்ற பிழை சரிபார்ப்பு அமைப்பும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும், வேகம் 9600 தாராளம். வோல்டேஜ் 230-க்குப் பதிலாகக் கோடிக்கணக்கில் ஏதோ ஒரு எண் வந்தால் மீட்டர் கெட்டுப்போகவில்லை. எண்ணின் இரண்டு பாதியையும் மென்பொருள் மாற்றிப் படிக்கிறது. அமைப்பில் வேர்டு வரிசையை மாற்றினால் சரியாகிவிடும்.

கட்டடத்துக்குக் கட்டடம் செம்பு வயரை வெளியே இழுக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் இங்கே இடியோடு வரும் கோடை மழையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மின்னல் பக்கத்தில் விழுந்தால் அந்த வயரில் இருக்கும் எல்லா மீட்டரின் போர்ட்டும் போய்விடும். வளாகத்தில் ஏற்கெனவே ஃபைபர் ஓடினால் அதையே பயன்படுத்துங்கள், இல்லையென்றால் வைஃபை, அல்லது தூரமான பம்ப் அறைக்கு லோரா என்ற ரேடியோ முறை. இந்தியாவில் அதற்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம்.

சேகரிக்க ராஸ்பெர்ரி பை போல ஒரு சிறு கணினி போதும். தகவலைச் சேகரிக்க நோட்-ரெட், சேமிக்க இன்ஃப்ளக்ஸ்டிபி, வரைபடமாகக் காட்ட கிராஃபானா ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாணவர்கள் ஒரு செமஸ்டரில் கட்டிவிடுவார்கள். கரண்ட் போய் வரும்போது மெமரி கார்டு கெடும், ஆகவே அதை யுபிஎஸ்ஸில் போடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் நாளுக்கு 96; அதற்கு மேல் நுணுக்கம் இப்போதைக்கு வேண்டாம். கிலோவாட்டை மட்டும் சேமித்தால் நெட் போன நேரத்துக் கணக்கு காணாமல் போகும். மீட்டரில் ஏறிக்கொண்டே போகும் மொத்த யூனிட்டையும் சேர்த்துச் சேமியுங்கள். இடையில் இரண்டு மணி நேரம் தகவல் வராவிட்டாலும் மொத்தம் தப்பாது.

ஆறாவது: பார்ப்பது

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். 'மீட்டர் வைத்தாச்சு' என்று தெரிந்தவுடனேயே எல்லோரும் கொஞ்ச நாள் விளக்கை அணைப்பார்கள். அந்த வேகம் அடங்கட்டும். மாத முடிவில் மெயினில் உள்ள நம் மீட்டரை வாரியத்தின் ரீடிங்கோடு ஒப்பிடுங்கள். வாரியம் எச்டி பக்கம் அளந்தால் டிரான்ஸ்ஃபார்மர் இழப்பு அவர்கள் கணக்கில் சேரும், ஆகவே நம்முடையது சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. பத்து, பதினைந்து சதவீதம் வித்தியாசம் என்றால் மறுபடி சிடிக்குப் போங்கள்.

அப்புறம் ராத்திரி 1 மணியிலிருந்து 4 மணி வரை உள்ள வரைபடக் கோட்டைப் பாருங்கள். வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள். அந்த நேரத்தில் விடுதி தவிர்த்து வளாகத்தில் ஓட வேண்டியவை என்னென்ன? தெருவிளக்கு, சர்வர், சில ஃப்ரிட்ஜ், செக்யூரிட்டி அறை. கூட்டிப் பார்த்தால் 5 கிலோவாட் வருகிறது, மீட்டர் 12 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 7 கிலோவாட் நாளுக்கு 12 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 30,660 யூனிட். உங்கள் பில்லில் உள்ள யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள்.

அந்த ஏழு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு ராத்திரி வேலை. டார்ச்சோடு ஒரு சுற்று. வழக்கமாக மாட்டுபவை: அணைக்காத லேப் கணினிகளும் அவற்றின் யுபிஎஸ்ஸும், யாரும் குடிக்காத தண்ணீரை விடிய விடியக் குளிரவைக்கும் கூலர்கள், கழிவறை எக்ஸாஸ்ட், செமினார் ஹாலில் மறந்த ஏசி. கூலருக்கு ஒரு டைமர், லேபுக்கு ஒரு மெயின் சுவிட்ச், தீர்ந்தது.

தண்ணீர் ஃபீடரின் கோடு படிக்கட்டு போல இருக்கும். மோட்டார் ஓடினால் ஏறும், நின்றால் இறங்கும். அது விடியும் வரை இறங்காமல் இருந்தால் மிதவை சுவிட்ச் வேலை செய்யவில்லை, அல்லது எங்கோ குழாய் ஒழுகுகிறது, அல்லது போர்வெல்லில் தண்ணீர் இறங்கி மோட்டார் சும்மா திணறுகிறது. இதில் பம்ப் ஆபரேட்டரை அதட்டினால் காரியம் கெட்டுவிடும். 'அண்ணே, ராத்திரி ரெண்டு மணிக்கும் மோட்டார் ஓடுதே, தொட்டி ரொம்பலையா?' என்று கேட்டுப் பாருங்கள். எந்த வால்வு பிடிக்கவில்லை, எந்தத் தொட்டி வழிகிறது என்று அவருக்குத்தான் தெரியும். அவரிடம் யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள்.

பகலில் பார்க்க வேண்டியது உச்சம். காலை 11 மணிக்கு ஏசி, லேப், ஒர்க்‌ஷாப் எல்லாம் ஓடும்போது தண்ணீர் மோட்டாரும் ஓட வேண்டியதில்லை. மோட்டாரை அதிகாலைக்கோ மாலைக்கோ தள்ளினால் டிமாண்ட் இறங்கும். யூனிட் இறங்காது, அதே தண்ணீரை ஏற்ற அதே கரண்ட்தான். பில்லில் உச்ச நேரக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் அந்த நேரங்களைத் தவிர்த்துத் தள்ளுங்கள். சோலார் உள்ள இடத்தில் நடுப்பகலுக்குத் தள்ளுவதே நல்லது.

ஏசியில் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீத அளவுக்கு மிச்சம் என்று மின்சிக்கனத்துக்கான மத்திய அமைப்பான பிஇஇ சொல்கிறது. 24-ல் வைத்து ஃபேனையும் போட்டுவிட்டால் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் விடுதி கீசர்தான் காலை உச்சத்தை ஏற்றும். அங்கே மாடிவாரியாக நேரம் பிரிக்கலாம், வசதியிருந்தால் சோலார் ஹீட்டருக்கு மாறலாம்.

ஏழாவது: ஆள்

ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பெயர் எழுதுங்கள். விடுதிக்கு வார்டன், தண்ணீருக்குப் பம்ப் ஆபரேட்டர், லேபுக்கு லேப் அசிஸ்டென்ட். திங்கட்கிழமை காலை வாட்ஸ்அப்பில் தமிழில் மூன்று வரி: போன வாரம் எவ்வளவு, அதற்கு முந்தைய வாரம் எவ்வளவு, ராத்திரி லோடு எவ்வளவு. வண்ண வண்ண வரைபடமெல்லாம் கல்லூரியைத் தரமதிப்பீடு செய்ய வரும் நாக் குழுவுக்குக் காட்ட வைத்துக்கொள்ளலாம். அலாரம் இரண்டு போதும்: டிமாண்ட் ஒப்பந்தத்தை நெருங்கினால் ஒன்று, ராத்திரி லோடு வழக்கத்தைவிட ஏறினால் ஒன்று. பத்து அலாரம் வைத்தால் மூன்றாம் நாளே எல்லோரும் மியூட் செய்துவிடுவார்கள். விடுதியில் அறைவாரியாக அளக்க ஆசைப்படாதீர்கள். யார் எப்போது அறையில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும், அது நமக்கு வேண்டாத வேலை.

குறைந்ததா என்று பார்க்கும்போது வேலை நாளை வேலை நாளோடு, ஏப்ரலை ஏப்ரலோடு ஒப்பிடுங்கள். செமஸ்டர் விடுமுறை மாதத்தைக் காட்டி 'பாதியாகக் குறைத்துவிட்டோம்' என்று அறிக்கை எழுதினால் அடுத்த மாதமே மாட்டிக்கொள்வீர்கள்.

பன்னிரண்டு மாத டிமாண்ட் கையில் வந்த பிறகு ஒப்பந்த டிமாண்டைக் குறைக்கக் கேட்கலாம். அந்த 250 கேவிஏ கல்லூரியின் உச்சம் வருடம் முழுக்க 160-ஐத் தாண்டவில்லை என்றால் 180-க்கு விண்ணப்பிக்கலாம். 90 சதவீதம் 162, மாதம் 63 கேவிஏ கட்டணம் மிச்சம். கேவிஏவுக்கு 550 ரூபாய் என்று கணக்கு வைத்தால்கூட மாதம் 34,650 ரூபாய். இறுக்கிப் பிடித்து 160-க்கே கேட்காதீர்கள்; ஒரு வெயில் மாதத்தில் தாண்டினால் இரட்டிப்பு விலை காத்திருக்கிறது. மறுபடி ஏற்ற வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பம், கட்டணம், அலைச்சல் எல்லாம் உண்டு. ஆகவே கையெழுத்துக்குக் கோப்பை அனுப்பும் முன் முதல்வரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: அடுத்த வருடம் புது விடுதியோ, புது லேபோ வருகிறதா என்று.